சுவர் உடைந்த பேட்டை: லோயர் நைன்த் வார்டைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

அலுவல் நிமித்தமாக அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் சென்ற நீங்கள், அந்த நகரத்தின் லோயர் நைன்த் வார்டு என்ற பேட்டை வழியாகக் காரில் போனபோது புல் மண்டிய மனைகளையும், வீடே இல்லாமல் தனியாக நிற்கும் சிமெண்ட் படிகளையும் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். 2005இல் கத்ரீனா புயல் அழித்தது என்று சிலரும் சுவர் உடைந்ததால் அழிந்தது என்று சிலரும் சொல்கிறார்களே, எது சரி என்று கேட்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் சொல்லிக்கொள்ளும்படியான ஒரு நினைவகம் கண்ணில் படவில்லையே, அந்த மக்கள் மறந்துவிட்டார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நேரடியாகக் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றும் இதற்குள் இருக்கிறது: வெள்ளம் வடிந்த பிறகும் அந்த மனைகள் ஏன் காலியாகவே கிடக்கின்றன? நான் மண்ணியல் பொறியாளன். கரையும் தடுப்புச் சுவரும் நின்று தாங்குமா என்று கணக்கிடுவது என் தொழில். ஆகவே சுவரைப் பற்றித் தொழில்முறையில் பேச முடியும். மற்ற இரண்டையும் பற்றி, பொதுவெளியில் உள்ள விசாரணை அறிக்கைகள், தீர்ப்புகள், மக்கள்தொகைக் கணக்குகள் ஆகியவற்றைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற அளவில்தான் என் பேச்சுக்கு மதிப்பு. அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்களின் துயரத்துக்கு நான் வெளியாள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நிலத்தின் அமைப்பு. மிஸிஸிப்பி ஆற்றுக்கும் பாஞ்சர்ட்ரெயின் ஏரிக்கும் இடையே கிடக்கிறது நியூ ஆர்லியன்ஸ் நகரம். ஆறு வண்டல் கொட்டி உயர்த்திய ஓரம் மேடாகவும், அங்கிருந்து விலக விலகத் தரை பள்ளமாகவும் இருக்கும். லோயர் நைன்த் வார்டிலும் ஆற்றை ஒட்டிய ஹோலி கிராஸ் பகுதி மேட்டில் இருக்கிறது. கிளெய்போர்ன் சாலைக்கு வடக்கே உள்ள பகுதி ஒரு காலத்தில் சைப்ரஸ் மரங்கள் நின்ற சதுப்பு; நீரை வடித்துக் குடியேறிய பிறகு மண் சுருங்கிக் கடல் மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்த நிலம் அது. ஆற்றையும் ஏரியையும் இணைக்கும் இண்டஸ்ட்ரியல் கால்வாய் 1923இல் திறக்கப்பட்டதும் ஒன்பதாம் வார்டு இரண்டாகப் பிளந்தது. கால்வாய்க்குக் கிழக்கே, ஆறு ஓடும் திசையில் கீழே அமைந்த பாதிக்கு ‘லோயர்’ என்று பெயர் வந்தது. அன்று முதல் நகரத்தின் மையப் பகுதிக்குப் போக வேண்டுமென்றால் பாலம் கடந்தாக வேண்டும் என்றும் ஆயிற்று. 1960களில் மிஸிஸிப்பி ரிவர் கல்ஃப் அவுட்லெட் என்ற 76 மைல் நீளமுள்ள கப்பல் வழி வெட்டப்பட்டு, மெக்ஸிகோ வளைகுடாவை இந்தக் கால்வாயின் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. அந்த வழியே உப்புநீர் ஏறியதில், வார்டின் வடக்கு எல்லையான பயூ பியென்வெனு என்ற சதுப்பு நீர்ப்பகுதியில் எஞ்சியிருந்த சைப்ரஸ் காடு பட்டுப்போனது. புயலலையின் வேகத்தைக் கொஞ்சமாவது மட்டுப்படுத்தக்கூடிய காடு அது. இப்போது அங்கே திறந்த நீர்ப்பரப்பும் அடிமரக் கட்டைகளுமே மிச்சம்.

2005 ஆகஸ்ட் 29 திங்கட்கிழமை. காலை ஆறு மணி சுமாருக்குப் புராஸ் என்ற இடத்தில் கத்ரீனா லூசியானாவில் கரையைக் கடந்தது. அதன் கண் நகரத்துக்குக் கிழக்கே ஒதுங்கிச் சென்றது. நகரத்தின் மீது வீசிய காற்று மட்டும் அன்றைய பேரழிவாக இருந்திருந்தால், கூரை பறந்த வீடுகளையும் சாய்ந்த மரங்களையும் சரிசெய்துகொண்டு சில மாதங்களில் ஊர் எழுந்து நின்றிருக்கும். ஆனால் காற்று தள்ளிக்கொண்டு வந்த கடல்நீர் விடிவதற்கு முன்பே இண்டஸ்ட்ரியல் கால்வாயை நிரப்பிவிட்டிருந்தது. புளோரிடா சாலைக்கு அருகே அதிகாலை ஐந்து மணி வாக்கில் ஒரு சிறிய உடைப்பு. அதற்குத் தெற்கே, கிளெய்போர்ன் சாலைக்கும் புளோரிடா சாலைக்கும் நடுவில், ஏறத்தாழ 850 அடி நீளத்துக்குச் சுவர் சாய்ந்த பெரிய உடைப்பு காலை 7:45 மணி அளவில். நகரத்தின் பிற பகுதிகளில் தண்ணீர் ஏறியது என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே அது பாய்ந்தது. உடைப்புக்கு நேர் எதிரே இருந்த தெருக்களில் வீடுகள் நனைந்து கெட்டுப்போகவில்லை, அடித்தளத்திலிருந்து பெயர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று மோதிச் சிதறி, அடுத்தடுத்த தெருக்களில் போய்க் கிடந்தன. குட்டையான தூண்கள்மேல் மரத்தால் கட்டப்பட்ட வீடுகள் அவை. வாசலுக்கு ஏறும் சிமெண்ட் படி மட்டும் தனியாக மண்ணில் ஊன்றியிருக்கும். வீட்டை நீர் கொண்டுபோனது, படி நின்றுவிட்டது. நீங்கள் பார்த்த படிக்கட்டுகளின் கதை இதுதான்.

சுவர் ஏன் சாய்ந்தது என்பதற்கு வருவோம். பழைய மண்கரையின் முகட்டில் இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்து வரிசையாக அடித்து இறக்கி, தரைக்கு மேலே தெரியும் பகுதிக்குக் கான்கிரீட் போர்த்திய சுவர் அது. குறுக்குவெட்டில் ஆங்கில ‘ஐ’ எழுத்தைப் போல நேர்க்கோடாக நிற்பதால் ஐ-சுவர் என்பார்கள். அகன்ற அடித்தளமோ சாய்வாக இறக்கிய தாங்குதூண்களோ கிடையாது. இருபுறமும் இறுகப் பிடித்திருக்கும் மண்ணை நம்பித்தான் நிற்கிறது. நட்ட கம்பத்தின் ஒரு பக்கத்து மண்ணைத் தோண்டிவிட்டு மறுபக்கத்திலிருந்து தள்ளினால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் ஆனது. நிலம் அமிழ்ந்ததாலும், உயரத்தைக் குறிக்கும் அடிப்படை அளவுகோல்கள் பிழைபட்டிருந்ததாலும், சுவரின் உச்சி திட்டமிட்டதைவிட ஏறத்தாழ இரண்டடி தாழ்வாக இருந்தது. நீர் உச்சியைத் தாண்டி வழிந்து, உயரத்திலிருந்து குடியிருப்புப் பக்கத்துத் தரையில் விழுந்தது. விழுந்த நீர் சுவரின் பாதத்தை ஒட்டியே நீளவாட்டில் ஒரு பள்ளத்தைப் பறித்தது. பள்ளம் ஆழமாக ஆழமாகச் சுவரைப் பிடித்திருந்த மண் குறைந்தது, கால்வாய்ப் பக்கத்து நீரின் அழுத்தமோ குறையவில்லை. ஒரு கட்டத்தில் சுவர் குடியிருப்பை நோக்கிச் சாய்ந்தது. சுவரின் பாதத்தில் அகலமாகக் கான்கிரீட் தளம் போட்டிருந்தால்கூட, வழிந்த நீரால் வீடுகள் நனைந்திருக்கும், சுவர் நின்றிருக்கலாம் என்பது என் கருத்து. வழிந்து வரும் நீரை இறைத்து வெளியேற்றிவிடலாம். உடைப்பெடுத்து வரும் நீர் உயிரைக் கொண்டுபோகும்.

இவ்வளவும் உறுதியானது; சுவரை வடிவமைத்துக் கட்டிய அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை அமைத்த ஆய்வுக்குழுவும், பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் தலைமையிலான சுதந்திரக் குழுவும், வழிதலும் அரிப்பும் நடந்தன என்பதில் வேறுபடவில்லை. வேறுபடுவது அதற்கு மேல். தெற்கு உடைப்பில் அரிப்பு மட்டுமே காரணம் என்றது ராணுவப் பொறியாளர் படையின் குழு. இரும்புத் தகடுகள் போதிய ஆழத்துக்கு இறங்காததால், அடியில் சதுப்பு மண் வழியாக நீர் கசிந்து, உள்பக்க மண்ணை ஏற்கெனவே தளர்த்தியிருந்தது என்றது சுதந்திரக் குழு. கால்வாய்க்கும் சுவருக்கும் இடையிலிருந்த பழைய தொழிற்கூட நிலத்தை ஒப்பந்த நிறுவனம் ஒன்று தோண்டித் துப்புரவு செய்த குழிகள் இந்தக் கசிவுக்கு வழிவிட்டன என்று குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நான் படித்த அளவில், கசிவு துணைக்காரணமாக இருந்திருக்கக் கூடும், ஆனால் அதை மெய்ப்பிக்க வேண்டிய மண்ணையே வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. ஐ.என்.ஜி. 4727 என்ற எண் கொண்ட, சுமார் 200 அடி நீளச் சரக்குப் படகு ஒன்று இந்த உடைப்பு வழியே உள்ளே வந்து வீடுகளின்மேல் உட்கார்ந்தது. மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து ஒன்றை அது நசுக்கிக்கொண்டிருந்த படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். படகு மோதித்தான் சுவர் உடைந்தது என்று பலர் நம்பினார்கள். சுவர் உடைந்த பிறகே படகு உள்ளே இழுக்கப்பட்டது என்று 2011இல் நீதிமன்றம் முடிவு செய்தது, பொறியியல் சான்றுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே.

மூன்றாவதாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேட்டையின் முதியவர்களிடம் அது அழுத்தமாகவே இருக்கிறது. நகரத்தின் வசதியான பகுதிகளைக் காப்பாற்ற வெடி வைத்து உடைத்துவிட்டார்கள் என்பது அது. 2005இல் அப்படி நடந்ததற்குப் பொறியியல் சான்று எதுவும் கிடைக்கவில்லை. குண்டு வெடித்ததுபோல் சத்தம் கேட்டது என்பவர்களை நான் பொய்யர்கள் என்று சொல்லமாட்டேன். பல நூறு அடி நீளக் கான்கிரீட் சுவர் முறிந்து, இரும்புத் தகடுகளின் பூட்டு கிழிந்தால் அப்படித்தான் கேட்கும். மேலும் இந்தச் சந்தேகம் வானத்திலிருந்து விழவில்லை. 1927 பெருவெள்ளத்தின்போது, நியூ ஆர்லியன்ஸைக் காப்பதற்காக என்று சொல்லி, நகரத்துக்குக் கீழே கேர்னார்வன் என்ற இடத்தில் ஆற்றின் கரையை அரசின் ஒப்புதலுடன் பட்டப்பகலில் டைனமைட் வைத்துத் தகர்த்து, செயின்ட் பெர்னார்ட், பிளாக்மைன்ஸ் வட்டாரங்களை மூழ்கடித்தார்கள். அம்மக்களுக்கு வாக்களித்த இழப்பீடு சரிவரப் போய்ச் சேரவில்லை. 1965 செப்டம்பரில் பெட்ஸி புயல் வந்தபோது இதே இண்டஸ்ட்ரியல் கால்வாயின் கரை உடைந்து, இதே லோயர் நைன்த் வார்டு மூழ்கியது. அப்போதும் வெடி வதந்தி எழுந்தது. ஒருமுறை உண்மையாக நடந்ததை ஒரு சமூகம் மூன்றாம் தலைமுறை வரை சொல்லிவைக்கிறது. 2005ஐப் பொறுத்தவரை அது தவறான முடிவு. ஆனால் அதைச் சொல்பவரிடம் வாதாடும் முன் 1927 தெரிந்திருக்க வேண்டும்.

அதே 1927 வெள்ளம் இன்னொன்றையும் விட்டுச்சென்றது. வெளியாட்கள் அதைக் கவனிப்பதில்லை. மறு ஆண்டு, 1928இல், நாடாளுமன்றம் இயற்றிய வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், வெள்ளத்தால் விளையும் சேதத்துக்கு அமெரிக்க அரசு எவ்வகையிலும் பொறுப்பாகாது என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. கத்ரீனாவுக்குப் பிறகு தொடுக்கப்பட்ட வழக்குகள் இந்த விதியில்தான் முட்டி நின்றன. நகரத்தின் வேறு பகுதிகளில் உள்ள பதினேழாம் தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய் ஆகியவற்றின் சுவர்கள் நீர் உச்சியைத் தொடும் முன்பே சாய்ந்தன. அதாவது அவை தாங்கும் என்று எழுதி வைத்த அளவைக்கூடத் தாங்கவில்லை. 2006 ஜூனில் ராணுவப் பொறியாளர் படையின் தலைவரே தம் அமைப்பின் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆயினும் அந்தச் சுவர்கள் குறித்த வழக்கை 2008இல் நீதிபதி தள்ளுபடி செய்தார். ராணுவப் பொறியாளர் படையைக் கடுமையாகக் கண்டித்துவிட்டே, சட்டம் தம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்ற வகையில் தீர்ப்பெழுதினார். வளைகுடாவிலிருந்து வெட்டிய அந்தக் கப்பல் வழியைப் பராமரிக்காமல் அகல விட்டது அலட்சியம் என்று 2009இல் அவரே அரசைப் பொறுப்பாக்கினார்; மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012 மார்ச்சில் அதை உறுதிசெய்துவிட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் தானே மாற்றிக்கொண்டது. எனவே ‘புயலா, சுவரா’ என்ற உங்கள் கேள்வி அங்கே வெறும் விவாதப் பொருளன்று. புயல் என்றால் இயற்கை, யாரையும் கேட்க முடியாது. சுவர் என்றால் வடிவமைத்தவர், கட்டியவர், சோதித்தவர் என்று ஆள் உண்டு. பணமாக எதுவும் கிடைக்காதபோது, நடந்ததைச் சரியான பெயரால் சொல்லவைப்பது மட்டுமாவது தங்கள் கையில் இருக்கட்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் நினைப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. என் விடையும் அதுதான்: புயல் தண்ணீரைக் கொண்டுவந்தது, லோயர் நைன்த் வார்டை அழித்தது சுவரின் தோல்வி.

இனி நினைவு. வெளியூர்ப் பத்திரிகைகள் 2005 செப்டம்பரில்தான் இந்தப் பேட்டையை முதன்முதலாகப் பார்த்தன. அதனால் அவற்றின் நினைவும் அங்கேதான் தொடங்குகிறது. கூரைமேல் கையாட்டும் மனிதர்கள், சேறு, வறுமை. ஊர்க்காரர்களின் நினைவு அப்படித் தொடங்குவதில்லை. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஹோலி கிராஸையும் சேர்த்து 19,515 பேர் அங்கே வாழ்ந்தார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். வருமானம் குறைவு, ஆனால் ஹோலி கிராஸுக்கு வடக்கே இருந்த பகுதியில் ஏறத்தாழ பத்தில் ஆறு வீடுகளில் குடியிருந்தவர்கள் வீட்டு உரிமையாளர்களே. நகரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் அந்த விகிதம் பாதிக்கும் குறைவு. தாத்தா கட்டிய வீடு, பக்கத்துத் தெருவில் அத்தை, எதிர் மூலையில் தேவாலயம் என்று தலைமுறைகள் அடுக்கிய ஊர் அது. 1960 நவம்பர் 14 அன்று மெக்டொனோ 19 என்ற பள்ளியின் படிகளில் மூன்று கறுப்பினச் சிறுமிகள் கூட்டாட்சிக் காவலர்களின் துணையுடன் ஏறி, அதுவரை வெள்ளையருக்கு மட்டுமாக இருந்த வகுப்பறையில் உட்கார்ந்தது இந்த வார்டில்தான். ராக் அண்ட் ரோலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஃபேட்ஸ் டாமினோ, உலகப் புகழ் பெற்ற பிறகும் வேறெங்கும் போகாமல் காஃபின் அவென்யூவில் வீடு கட்டிக்கொண்டு இருந்தார். வெள்ளத்தில் அவர் இறந்துவிட்டதாக நினைத்து யாரோ அவர் வீட்டுச் சுவரிலேயே இரங்கல் எழுதிவிட்டார்கள். படகில் மீட்கப்பட்ட அவர் 2017 வரை வாழ்ந்தார். இவையெல்லாம் இல்லாமல் அந்தப் பேட்டையை நினைப்பது, ஒருவரை அவருடைய பிணப் பரிசோதனை அறிக்கையை வைத்து நினைப்பதாகும்.

மனைகள் காலியாகக் கிடப்பதற்கும் இந்தச் சொந்த வீட்டுக் கதைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தண்ணீர் மட்டும் அந்த ஊரைக் காலி செய்துவிடவில்லை. முதல் வெள்ளம் வடிந்துகொண்டிருக்கும்போதே, செப்டம்பர் 23 அன்று ரீட்டா புயலின் அலை, அவசரமாக அடைத்த உடைப்பைத் தாண்டி வந்து மறுபடி மூழ்கடித்தது. நகரத்தில் மக்களைத் திரும்ப அனுமதித்த பகுதிகளில் கடைசியாகத் திறக்கப்பட்டது கிளெய்போர்ன் சாலைக்கு வடக்கே உள்ள இந்தப் பகுதிதான். பார்த்துவிட்டுப் போகலாம், தங்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் டிசம்பர் மாதத்தில்தான் உள்ளே விட்டார்கள். பிறகு வீடு கட்டுவதற்கான ‘ரோடு ஹோம்’ உதவித் திட்டம். வெள்ளத்துக்கு முன் வீட்டுக்கு இருந்த சந்தை விலை, சேதத்தைச் சரிசெய்யும் செலவு, இரண்டில் எது குறைவோ அதை வைத்து உதவித்தொகை கணக்கிட்டார்கள். ஒரே அளவுள்ள, ஒரே மாதிரி சேதமடைந்த இரண்டு வீடுகளில், வெள்ளையர் பகுதியில் இருந்ததற்குச் சந்தை விலை அதிகம் என்பதால் அதற்குச் செலவுத் தொகை முழுமையாகக் கிடைக்கும். லோயர் நைன்த் வார்டு வீட்டுக்குக் கிடைக்கும் தொகையில் பாதிச் சுவர்கூட எழும்பாது. இந்தப் பாகுபாட்டை எதிர்த்து 2008இல் தொடுத்த வழக்கு 2011இல் 62 மில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் பலர் ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் வாடகை வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

பத்திரச் சிக்கல் இன்னொன்று. நம்மவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தாத்தா பெயரில் இருந்த வீடு, வாரிசுப் பதிவு செய்யாமலே மகனுக்கும் பேத்திக்கும் வந்திருக்கும். வரி கட்டியவர், வாழ்ந்தவர் ஒருவர், சட்டப்படி பங்குள்ளவர்கள் ஐந்து ஊர்களில் பத்துப் பேர். தெளிந்த பத்திரம் இல்லாதவருக்கு உதவித்தொகை இல்லை. பத்திரத்தைத் தெளிவாக்க வழக்கறிஞருக்குப் பணம் வேண்டும். கடன் இல்லாத வீடு என்பதால், வெள்ளக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த வங்கி எதுவும் இல்லை, ஆகவே பலரிடம் காப்பீடும் இல்லை. கடனில்லாத சொந்த வீடு என்ற பெருமையே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. நல்லெண்ணமும் எப்போதும் கைகொடுக்கவில்லை. நடிகர் பிராட் பிட் 2007இல் தொடங்கிய ‘மேக் இட் ரைட்’ அமைப்பு உடைப்புக்கு எதிரிலேயே 109 வீடுகளைக் கட்டியது. பெயர்பெற்ற கட்டிடக் கலைஞர்கள் வடிவமைத்தார்கள். ஈரமும் மழையும் மிகுந்த அந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத கூரைகளும் மரங்களும் சில ஆண்டுகளில் ஒழுகவும் இற்றுப்போகவும் தொடங்கின, 2018இல் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2010 கணக்கெடுப்பில் ஹோலி கிராஸும் அதற்கு வடக்கே உள்ள பகுதியும் சேர்ந்து 5,556 பேர்தான். இத்தனையும் நடந்துகொண்டிருக்க, 2013இல் போர்ன் ஏரிப் பக்கம் 1.8 மைல் நீளமும் 26 அடி உயரமும் கொண்ட அலைத்தடுப்பு கட்டி முடிக்கப்பட்டது. அது 2021 ஆகஸ்ட் 29இல், சரியாகப் பதினாறாம் ஆண்டு நாளில் வந்த ஐடா புயலின் அலையைக் கால்வாய்க்குள் விடாமல் தடுத்தது. பொறியாளனாக எனக்கு அதில் மகிழ்ச்சி. இந்த வார்டில் காக்கப்படும் மனைகளில் பல வெறும் புல் என்பதும் தெரியும்.

மறந்துவிட்டார்களா என்றால், இல்லை. நகரத்தின் பொது நினைவகம் வேறிடத்தில், கனால் தெருவில், பழைய சாரிட்டி மருத்துவமனையின் இடுகாட்டில் இருக்கிறது. உரிமை கோர யாரும் வராத எண்பதுக்கும் மேற்பட்ட உடல்கள் 2008இல் அங்கே அடக்கம் செய்யப்பட்டன. லோயர் நைன்த் வார்டில் கிளெய்போர்ன் சாலையின் நடுத்திட்டில் சிறிய நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. காரில் வேகமாகப் போனால் கண்ணில் படாது. பழைய மெக்டொனோ 19 கட்டிடம், 1960இல் அதன் படியேறிய சிறுமிகளில் ஒருவரான லியோனா டேட்டின் பல ஆண்டு முயற்சியால் மீட்கப்பட்டு, 2022இல் வரலாற்று மையமாகவும் முதியோர் குடியிருப்பாகவும் திறக்கப்பட்டிருக்கிறது. டிராம் தண்டவாளப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற ரொனால்ட் லூயிஸ், தம் வீட்டுக் கொல்லையில் மார்டி கிரா திருவிழா ஊர்வலத்தின் மணிகளையும் இறகுகளையும் சேர்த்து வைத்து ‘ஹவுஸ் ஆஃப் டான்ஸ் அண்ட் ஃபெதர்ஸ்’ என்ற அருங்காட்சியகத்தை நடத்தினார். வெள்ளத்தில் வீடும் சேகரிப்பும் போனபின் மறுபடி கட்டினார். 2020இல் கொரோனாவில் இறந்தார். இறந்தவர்களை எண்ணுவதும் ஒருவகை நினைவுதான், அதிலும் ஒழுங்கில்லை: நெடுங்காலம் 1,833 என்று சொல்லப்பட்டு வந்த கத்ரீனாவின் மொத்த உயிரிழப்பை, அமெரிக்கத் தேசியப் புயல் மையம் 2023இல் 1,392 என்று திருத்தியது. காற்றும் நீரும் நேரடியாகக் கொன்றவர்கள், பிறகு மருந்தின்றி இறந்தவர்கள், வேற்றூர் முகாமில் இறந்தவர்கள் என்று எவரைச் சேர்ப்பது என்பதைப் பொறுத்து எண் மாறும். லூசியானாவில் இறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 75 வயதைத் தாண்டியவர்கள் என்பதில் பெரிய மாறுபாடு இல்லை.

மீட்புக் குழுவினர் ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் ஸ்ப்ரே பெயிண்டால் பெரிய எக்ஸ் குறி போட்டுச் சென்றார்கள். அதன் இடப்புறக் கட்டத்தில் தேடிய குழுவின் பெயர், மேலே தேடிய தேதி, வலப்புறம் உள்ளே உள்ள ஆபத்து, கீழே கண்டெடுத்தவர்களின் எண்ணிக்கை. கீழ்க்கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் அந்த வீட்டுக்குள் யாரையும் கண்டெடுக்கவில்லை என்று தெருவில் போகிறவர் படித்துக்கொள்ளலாம். வீட்டைப் புதுப்பித்த பிறகும் சிலர் அந்தக் குறியை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தார்கள், சிலர் அதே வடிவத்தை இரும்பில் செய்து வாசலில் பதித்துக்கொண்டார்கள். வேறு சிலர் கண்ணில் படவே கூடாதென்று முதல் வேலையாகப் பெயிண்ட் அடித்து மூடினார்கள். இரண்டையும் நினைவுகூரலாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரே தெருவில் ஒரே துயரத்தை இரு விதமாகச் சுமக்கிறார்கள், யாரும் மற்றவரைத் திருத்துவதில்லை.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 காலையில், உடைப்பு நிகழ்ந்த ஜோர்டன் அவென்யூ பக்கம் மக்கள் கூடுகிறார்கள். ஹூஸ்டனிலிருந்தும் அட்லாண்டாவிலிருந்தும் வருபவர்கள் உண்டு. பிரார்த்தனை, மலர்வளையம், இறந்தவர்களின் பெயர்களை உரக்க வாசித்தல். அதன் பிறகு பித்தளை வாத்தியங்கள் முன்னே செல்ல, பின்னால் குடையும் கைக்குட்டையும் ஆட்டியபடி மக்கள் ஆடிக்கொண்டு போகும் ‘செகண்ட் லைன்’ ஊர்வலம், பாலம் ஏறிக் கால்வாயைக் கடந்து நகரத்துக்குள் போகிறது. சாவு ஊர்வலத்தில் போகும்போது அழுகை ராகமும் அடக்கம் முடிந்தபின் துள்ளல் ராகமும் வாசிப்பது அந்த நகரத்தின் பழைய வழக்கம்; வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கொண்டாட்டமாகத் தெரிந்தால் தவறு அவருடையதல்ல, ஆனால் பெயர்கள் வாசிக்கப்படும் முதல் பாதியிலிருந்தே அங்கே நிற்க வேண்டும். பேரழிவைக் காட்டிப் பணம் பண்ணிய பெரிய சுற்றுலாப் பேருந்துகளை இந்தப் பகுதிக்குள் வரவிடாமல் 2006இல் மாநகராட்சி தடை விதித்தது. ஊர்வலத்துக்கு வருபவரை ஊர்க்காரர்கள் தடுப்பதில்லை.

இன்னொரு முறை போக வாய்ப்பிருந்தால் என் யோசனை இது. காரை நிறுத்திவிட்டு நடங்கள். முதலில் செயின்ட் கிளாட் அவென்யூவில் உள்ள மெக்டொனோ பள்ளிக் கட்டிடத்தைப் பாருங்கள், சுவரைப் பிறகு பார்க்கலாம். புளோரிடா அவென்யூவின் கரைமேல் ஏறினால் பயூ பியென்வெனு தெரியும். செத்த சைப்ரஸ் கட்டைகள் நிற்கும் அந்த நீர்ப்பரப்பைப் பார்த்தபின் கால்வாய்ச் சுவரைப் பார்த்தால், கடல் எப்படி அவ்வளவு தூரம் வந்தது என்பது யாரும் சொல்லாமலே புரியும். உடைந்த இடத்தில் இப்போது நிற்பது அகன்ற அடித்தளமும் சாய்வுத் தூண்களும் கொண்ட, தலைகீழ் ‘டி’ வடிவச் சுவர். பழையதைவிட எல்லா வகையிலும் உறுதியானது. தெருவில் யாராவது வாசலில் உட்கார்ந்திருந்தால் வணக்கம் சொல்லாமல் கடக்காதீர்கள், அந்த ஊரில் அது பெரிய மரியாதைக் குறைவு. பேச்சுக் கொடுத்தால், வெள்ளத்தைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். அந்த மூலையில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். கால்வாயின் பழைய கப்பல் மதகை இடித்துப் பெரிதாகக் கட்டும் திட்டம் ஒன்று 1956இலேயே அங்கீகரிக்கப்பட்டு, அந்தப் பேட்டைக்காரர்களின் எதிர்ப்பால் இன்றுவரை நடக்காமல் இருக்கிறது. அதைப் பற்றியும் அவர்களிடம் நிறையவே சொல்ல இருக்கும்.